நைரோபியில் ஒரே ஒரு நாள்: அம்மாவோடு சஃபாரி போகலாமா?

ஹாம்டன் ஒழுங்கை எழுதியது:

வணக்கம். வருகிற ஓகஸ்டில் மச்சாளின் திருமணத்துக்காக நானும் அம்மாவும் நைரோபி போகிறோம். ஐந்து நாள் பயணத்தில் நான்கு நாள் திருமண வீட்டுக்கே சரியாகிவிடும். மிஞ்சுவது ஒரு சனிக்கிழமை.

அம்மாவுக்கு 68 வயது, முதுகுவலிக்காரர். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு பஸ்ஸில் போய் வந்தாலே இடுப்புப் பட்டியைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். ஆனால் சிங்கத்தைக் கூண்டுக்கு வெளியே பார்த்தே தீரவேண்டும் என்கிறார். அவர் இதுவரை பார்த்த சிங்கமெல்லாம் தெஹிவளை மிருகக்காட்சிசாலையில், பகல் இரண்டு மணி வெயிலில், முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தவைதான்.

அங்குள்ள ஒரு முகவர், அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டால் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பலாம் என்கிறார். சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம் ஆகிய 'பெரிய ஐந்தும்' நிச்சயம் என்று வேறு எழுதியிருக்கிறார். நம்பலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மின்னேரியாப் பித்தன் எழுதியது:

நம் கொடியில் சிங்கம் இருக்கிறது, காட்டில் இல்லை. அம்மாவின் ஆசையில் பிழையே இல்லை. இருந்தாலும் ஓகஸ்டில் மின்னேரியாக் குளம் வற்றும்போது நூற்றுக்கணக்கில் யானைகள் கூடும் காட்சியை விட்டுவிட்டு, அதே மாதத்தில் யானை பார்க்க ஆபிரிக்காவுக்கு ஓடுகிறீர்களே என்று ஒரு சின்ன வயிற்றெரிச்சல். அவ்வளவுதான்.

பழைய கணக்காய்வாளர், கொட்டாஞ்சேனை எழுதியது:

பிள்ளை, 'நிச்சயம்' என்ற சொல்லைக் கண்டதும் என் தொழிற்புத்தி விழித்துக்கொண்டது. முப்பத்தொரு வருடம் கணக்காய்வு செய்தவன் நான். காட்டு விலங்கு வரும் என்று உத்தரவாதம் எழுதுகிறவரின் பற்றுச்சீட்டில் நான் கையொப்பமிட மாட்டேன்.

முதலில் தூரம். நைரோபியிலிருந்து நாரோக் என்ற ஊர் வழியாக மாராவுக்கு ஐந்து, ஆறு மணி நேர ஓட்டம். கடைசிப் பகுதியின் குலுக்கலுக்கு அங்குள்ள சாரதிகளே 'ஆபிரிக்க மசாஜ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போக ஆறு, வர ஆறு. அம்மாவின் முதுகு நாரோக்கிலேயே விடைபெற்றுவிடும். நுழைவுக் கட்டணமும் 2024 முதல் ஜூலை தொடக்கம் டிசம்பர் வரை வெளிநாட்டவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 டொலர். மாலை ஆறு மணியோடு டிக்கெட் முடிந்துவிடும். நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

நாங்கள் 2023 செப்டம்பரில் போய் அங்கேயே இரண்டு இரவு தங்கினோம். நடுவில் கிடைத்த ஒரு முழு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

விடியற்காலையில் நல்ல குளிர். நுவரெலியாவுக்கென்று வாங்கி வைத்திருந்த இரண்டு சுவெட்டரையும் மனைவி ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார். என் சட்டைப்பையில் பெரிய ஐந்தின் பட்டியலும் பேனையும். யானைக்கு ஒரு டிக். அங்கே பெண் யானைக்கும் தந்தம் இருக்கிறது, காது நம் யானையின் காதைப்போல இரண்டு மடங்கு. காட்டெருமைக்கு ஒரு டிக். வானொலியில் "சிம்பா, சிம்பா" என்று யாரோ சொல்ல, எங்கள் சாரதி வண்டியைத் திருப்பினார். போய்ச் சேர்ந்தபோது அங்கே பதினொரு வண்டிகள். நடுவில் மூன்று பெண் சிங்கங்கள் தூங்கிக்கொண்டிருந்தன. சிங்கம் நாளில் இருபது மணி நேரம்வரை படுத்தே கிடக்குமாம். தெஹிவளைச் சிங்கத்தைக் குறை சொல்லாதீர்கள். அடுத்தது ஒரு மரத்தின் உச்சியில் சிறுத்தை. உண்மையைச் சொன்னால், இலைகளுக்கு இடையே தொங்கிய வால் மட்டும். நான் டிக் போட்டேன். "வாலுக்கு முழு டிக்கா?" என்று கேட்டார் மனைவி.

ஒன்பதரை மணிக்கு நான்கு டிக். அந்த நான்கில் எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை.

காண்டாமிருகத்தைத் தேடிப் போகும் வழியில் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகை ஒன்று செத்துக் கிடந்தது. சாரதி வண்டியை நிறுத்தி, "தேடுவதா, இருந்து பார்ப்பதா?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மனைவி "இருப்போம்" என்றார். இயந்திரம் அணைந்தது.

இலங்கையில் பிணந்தின்னிக் கழுகு கிடையாது. ஆகவே 62 வயதில்தான் நான் அதை முதன்முதலாகப் பார்க்கிறேன். முப்பது, நாற்பது இருக்கும். மயிரில்லாத நீளக் கழுத்தை உடலுக்குள் தோள்வரை நுழைத்து, சிவப்பாக வெளியே இழுத்தன. தண்ணீர் வெட்டிய நாளில் குழாயைத் திறந்தால் வருமே ஒரு சீறல், அதே சத்தம். பிறகு இளஞ்சிவப்புத் தலையோடு மிகப் பெரிய கழுகு ஒன்று இறக்கையைப் பாதி விரித்தபடி நடந்தே வந்தது. சம்பந்தி வந்ததும் பந்தியில் இடம் விடுவதுபோல மற்றவை விலகின. தடித்த தோலைக் கிழிக்கும் அலகு அதற்குத்தான் உண்டு என்றார் சாரதி. சற்றுத் தள்ளி மராபு என்ற பெரிய நாரைகள் இரண்டு, விறாந்தையில் காத்து நிற்கும் கடன்காரர்களைப்போல, சிதறுவதைப் பொறுக்க நின்றன. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டே மனைவி, "முதல் பந்தி சிங்கம், இரண்டாம் பந்தி கழுதைப்புலி, இது மூன்றாம் பந்தி" என்றார். முக்கால் மணி நேரத்தில் விலா எலும்புகள் வெளுப்பாகத் தெரிந்தன.

மாட்டைச் சிங்கம் அடித்துவிட்டால் சில மேய்ப்பர்கள் கோபத்தில் அந்த உடலுக்கு நஞ்சு வைத்துவிடுகிறார்கள், சிங்கத்துக்கு வைத்தது கழுகுகளைக் கூட்டமாகக் கொன்றுவிடுகிறது என்று சாரதி சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

இனி உங்கள் சனிக்கிழமை. நைரோபி தேசியப் பூங்காவுக்குப் போங்கள். 1946இல் திறந்தது, கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. 117 சதுர கிலோமீற்றர்தான். நகரத்தின் நடுவிலிருந்து ஏழு கிலோமீற்றர். காலை ஆறு மணிக்கு வாயிலில் நில்லுங்கள். சிங்கமும் கறுப்புக் காண்டாமிருகமும் உண்டு. ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் நகரத்தின் மாடிக் கட்டடங்கள் தெரியும், ரயில் பாலம் ஒன்றும் பூங்காவைக் கடந்து போகிறது. யானை இல்லை. 1989இல் கென்ய அரசு 12 தொன் தந்தத்தை எரித்தது இங்கேதான். பூங்காவின் ஓரத்தில் தாயை இழந்த யானைக்குட்டிகளை வளர்க்கும் இடத்தில் பதினொரு மணிக்குப் பால் கொடுப்பார்கள், முன்பதிவு வேண்டும். ஒரு மணிக்கு அம்மா கட்டிலில் இருப்பார்.

தாதி, பொரளை எழுதியது:

எல்லோரும் சிங்கத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் நுளம்பைப் பற்றிச் சொல்கிறேன். கென்யாவிலிருந்து திரும்பும்போது கட்டுநாயக்காவில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடலாம். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் போதும். ஆனால் தங்கை, அம்மாவுக்கு 68 வயது. அறுபதுக்கு மேல் இந்த ஊசியை முதன்முறை போடுவதில் பக்கவிளைவு ஆபத்து கூடுதல். வரிசையில் நின்று போட்டுவிட்டு வராமல், முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். வேண்டாம் என்றால் விலக்குக் கடிதம் தருவார்.

மாராவுக்கே போவதென்றால் மலேரியா மாத்திரையும் தேவைப்படும். நாரஹேன்பிட்டியில் மலேரியாத் தடுப்பு இயக்கம் இலவசமாகத் தருகிறது. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று வாங்கியிருக்கிறோம், நீங்கள் திரும்பக் கொண்டுவராதீர்கள்!

ஹாம்டன் ஒழுங்கை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கணக்காய்வாளர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாம் பந்தி வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு, பிறகு மீண்டும் வாசிக்கச் சொன்னார். பூங்காதான் என்று முடிவாகிவிட்டது. முகவருக்கு மறுப்பு எழுதிவிட்டேன். மருத்துவரை வியாழக்கிழமை பார்க்கிறோம். வெட்கத்தை விட்டு ஒன்று கேட்கிறேன் ஐயா, காட்டுக்குள் கழிப்பறைக்கு என்ன செய்வது?

பழைய கணக்காய்வாளர், கொட்டாஞ்சேனை எழுதியது:

இதில் வெட்கம் என்ன? வாயிலிலும் சாப்பாட்டுக்கு இறங்கும் இடங்களிலும் கழிப்பறை உண்டு. உள்ளே போகுமுன் அம்மாவை ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். மாராவில் 'டயரைப் பார்க்க வேண்டும்' என்று சாரதியிடம் சொன்னால் அவருக்குப் புரியும், பாதுகாப்பான இடமாகப் பார்த்து நிறுத்துவார். அம்மாவைப் பின் சில்லுக்கு மேலே உட்கார வைக்காதீர்கள், நடு இருக்கையில் ஒரு தலையணையோடு இருக்கட்டும். ஓகஸ்டில் நைரோபியும் குளிரும். சாமான்களைக் கடைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோகாதீர்கள், 2017 முதல் அங்கே தடை.

காண்டாமிருகத்தை நாங்கள் கடைசிவரை காணவில்லை. பட்டியல் இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கிறது. சிறுத்தைக்கு நேரே நான் போட்ட டிக்கை மனைவி வெட்டி, பக்கத்தில் 'வால் மட்டும்' என்று எழுதிக் கையொப்பமும் வைத்திருக்கிறார்.