இன்குவிசிட்டர்: தமிழில் என்ன? (திங்கள் காலைக்குள் வேண்டும்)

அன்பர்களே, மெக்சிகோவின் முதல் ஆயர் ஹுவான் தெ சுமாராகாவைப் பற்றிய அத்தியாயம் ஒன்று மொழிபெயர்ப்புக்காகக் கையில் இருக்கிறது, திங்கள் காலை கொடுத்தாக வேண்டும். பிரான்சிஸ்கன் துறவி, 1528இல் அங்கே போய்ச் சேர்கிறார், 1535இல் இன்குவிசிட்டர் பொறுப்பும் (திருச்சபைக்காகச் சமயக் குற்றங்களை விசாரிப்பவர்) வருகிறது, 1543இல் பறிபோகிறது. ‘விசாரணை மன்றத் தலைவர்’ என்று போட்டுவிட்டேன். பிறகுதான் இடித்தது: அந்த ஊரில் மன்றமே 1571இல்தான் அமைகிறது! ஆயரும் இவரே, விசாரிப்பவரும் இவரே. இல்லாத மன்றத்துக்கு ஏது தலைவர்? இன்னொன்று, ‘ரெலஹார்’ என்ற ஸ்பானியச் சொல். நேர்ப்பொருள் தளர்த்துதல். ஆளை அரசிடம் விட்டுவிடுவார்கள், எரிப்பது அரசு, திருச்சபையின் கையில் ரத்தம் படாது. இதற்கும் ஒரு சொல் சொல்லுங்கள்.

* * *

அம்மா, விசாரணை வடசொல். நம்மிடம் தேர்தல் இருக்கிறதே! ‘ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை’, குறள் 541. கண்ணகி ‘தேரா மன்னா’ என்றது எதற்கு? விசாரிக்காமல் கொன்றான் என்பதற்குத்தானே. ஆகவே ‘சமயத் தேர்நர்’. பிடிக்காவிட்டால் உசாவு, அதிலிருந்து ‘உசாவர்’. இரண்டாவதற்குக் கம்பனிடம் போங்கள்: கையடை. தசரதன் இராமனை விசுவாமித்திரரிடம் ஒப்படைக்கும் படலத்துக்கு அதுதான் பெயர்.

* * *

ஐயா, தேர்நர் என்றால் இன்றைக்குப் படிக்கிறவன் வாக்குச்சாவடிக்குப் போய்விடுவான், இல்லையென்றால் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு. உசாத்துணை என்று நூற்பட்டியலுக்குத் தலைப்பு வைத்தபிறகு உசாவருக்கு யார் பயப்படுவார்கள்? பொருளை மட்டும் பார்த்தால் ‘துருவுநர்’ பொருந்தும், புகார் வரட்டும் என்று உட்காராமல் தானே துருவித் துருவித் தேடுகிறவர். ஆனால் தேங்காய்த் துருவல் வந்து நிற்கும். கையடை மட்டும் வேண்டாம். இனி இவனுக்கு அப்பனும் அம்மையும் நீங்களே என்று சொல்லித் தசரதன் பிள்ளையைக் கொடுக்கிறான். சுமாராகா விசாரித்து ஒப்படைத்த டெக்ஸ்கோகோ ஊரின் பூர்வகுடித் தலைவர் டான் கார்லோஸை 1539 நவம்பர் 30 அன்று எரித்தார்களே, அதற்குப் போய்க் கையடையா?

* * *

அந்த முரண்தான் வேண்டும் தம்பி. ஆளை ஒப்படைக்கும்போது ‘இரக்கம் காட்டுங்கள்’ என்று ஒரு வாசகம் சேர்த்துத்தான் ஒப்படைப்பார்கள், என்ன நடக்கும் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். அந்தப் பாசாங்கு ‘ஒப்படைத்தல்’ என்ற மொட்டைச் சொல்லில் எங்கே வருகிறது? மெக்சிகோவுக்கு வரும்போது சுமாராகாவுக்குப் ‘பூர்வகுடிகளின் காவலர்’ என்றே பட்டம். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவரிடம் இவ்வளவு கடுமையா என்று ஸ்பெயினிலிருந்தே கண்டனம் வந்தது. காக்க வந்தவர் கையடை கொடுத்தார் என்று எழுதிப் பாருங்கள்.

* * *

நடுவில் ஒரு சின்ன விஷயம். எங்கள் கத்தோலிக்க வழக்கில் ஆயர்தான் பிஷப், பேராயர் ஆர்ச்பிஷப். சி.எஸ்.ஐ. அன்பர்களுக்கோ பிஷப்பே பேராயர். என் பாட்டிக்கு எல்லாரும் மேற்றிராணியார். சுமாராகா கடைசியில் ஆர்ச்பிஷப்பும் ஆனவர், அதனால் முதல் பக்கத்திலேயே எந்த வழக்கு என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், இந்த விசாரணை அமைப்புக்கு ஸ்பானியத்தில் உள்ள ‘சாந்தோ ஒஃபீசியோ’ என்ற பெயரைப் ‘புனித அலுவலகம்’ ஆக்கிவிடாதீர்கள், தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கும். விசாரணைக்கு என் வாக்கு; எல்லாருக்கும் புரிகிறது.

* * *

எனக்கும் அதுவே. வேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஞாயிறு ராத்திரி ஆகிவிட்டது.

* * *

எல்லாருக்கும் நன்றி. ஆளுக்குச் ‘சமய விசாரணையர்’, 1571க்குப் பிறகு வருவதற்குச் ‘சமய விசாரணை மன்றம்’, மற்றதற்கு ‘அரசின் கையில் ஒப்படைத்தல்’. ஐயா மன்னிக்க வேண்டும், கையடையை ஓரிடத்தில் போட்டுப் பார்த்தேன், படித்துக் காட்டியபோது வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. கோப்பை அனுப்பிவிட்டேன்.

* * *

அனுப்பியாயிற்றா, சரி. வீட்டில் விளங்கவில்லை என்பது சொல்லின் குற்றமா என்று நான் கேட்கப்போவதில்லை. என் வாக்கு கையடைக்கே, பதிவில் இருக்கட்டும். தண்டிக்கப்பட்டவருக்கு மாட்டிவிடும் சான்பெனிட்டோவை என்ன செய்தீர்கள்? வெறும் ‘அங்கி’ என்று விட்டிருந்தால் சொல்லுங்கள், மெய்ப்புப் படி வருவதற்குள் ஒரு சொல் தருகிறேன்.