51 வயதில் ஸ்னாட்ச் கற்கிறேன். எடை நகரவில்லை, ஆர்வத்தை எப்படித் தக்கவைப்பது?

மெதுநடை

வணக்கம். எனக்கு 51 வயது. நாற்பதுகளின் கடைசியில் பளுதூக்குதல் கற்க ஆரம்பித்தேன். ஒலிம்பிக்கில் வருமே, அந்த இரண்டும்தான்: தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச், அப்புறம் முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க். அதற்கு முன்னால் நடைப்பயிற்சியைத் தவிர வேறெதுவும் செய்தவள் இல்லை.

இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எடை மாட்டிய தண்டு, அதாவது பார், தரையை விட்டுக் கிளம்பி, நான் முழுதாக அதன் அடியில் உட்கார்ந்து, கை நீட்டித் தாங்கிக்கொண்டிருக்கும் அந்த நொடி போல வேறெந்த உடற்பயிற்சியும் எனக்குச் சந்தோஷம் தந்ததில்லை. ஆனால் அப்படி அமைவது எப்போதாவதுதான்.

பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் 70 கிலோ வரை வந்துவிட்டது, இன்னும் ஏறுகிறது. கிளீன் அண்ட் ஜெர்க் 44. ஸ்னாட்ச் மட்டும் 32-ல் நின்றுவிட்டது. அந்த 32-உம் ஒரு நாள் வரும், அடுத்த வாரம் வராது. என் பயிற்சியாளர் நல்லவர், பொறுமைசாலி. சமீபத்தில் என் ஆரம்ப நிலையை மாற்றினார். இடுப்பு இன்னும் கீழே, தோள் பாருக்குச் சற்று முன்னால். அதிலிருந்து 28 கூடத் தடுமாறுகிறது. கை சீக்கிரம் மடங்குகிறது, பார் இடுப்பில் தொட வேண்டியது தொடையிலேயே தொட்டு முன்னால் ஓடிவிடுகிறது. எனக்குப் பின்னால் சேர்ந்த இருபது வயதுப் பிள்ளைகள் சில மாதங்களில் 40, 50 என்று போகிறார்கள். அவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் பயிற்சி முடிந்து கிளம்பும்போது, இன்று என்ன கிடைத்தது என்று யோசித்தால் பதில் வருவதில்லை.

"வயது வெறும் எண்தான்" என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். 40-க்கு மேல் ஆரம்பித்தவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். முழு ஸ்னாட்சை விட்டுவிட்டு, முழுதாக உட்காராமல் பிடிக்கும் பவர் ஸ்னாட்ச் மட்டும் செய்யலாமா என்றும் சொல்லுங்கள்.

பவர்மட்டும்

அக்கா, தாராளமாகச் செய்யலாம். எனக்கு 46. முழுதாக உட்கார்ந்து பிடிப்பதை விட்ட பிறகுதான் என் முழங்காலும் மனசும் நிம்மதியாக இருக்கின்றன. போட்டி விதியிலும் உட்கார்ந்தே பிடிக்க வேண்டும் என்று எதுவும் இல்லை. தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் போக வேண்டும், கை நேராக இருக்க வேண்டும், கடைசியில் நிமிர்ந்து அசையாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான். கொஞ்ச நாளைக்குப் பிடிக்காததை விட்டு, வருவதைச் செய்யுங்கள். ஆர்வம் தானாக வரும்.

சாக்பவுடர்

சகோதரி, எனக்கு 58 வயது. 45-ஐத் தாண்டிய பிறகுதான் பாரைத் தொட்டேன், இப்போதும் மூத்தவர்களுக்கான மாஸ்டர்ஸ் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் கொடுத்த எண்களையே எடுத்துக்கொள்வோம். பல வருடம் பழகியவர்களின் ஸ்னாட்ச், பின்தோளில் வைத்துச் செய்யும் ஸ்குவாட்டில் சுமார் 60 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் என்பது பயிற்சியாளர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. உங்களுக்கு அது 46 சதவீதத்தைத் தொடவில்லை. 70-இல் 60 சதவீதம் என்றால் 42. அதாவது 40 கிலோவுக்கான கால் பலம் உங்களிடம் இப்போதே இருக்கிறது. இன்னும் வந்து சேராதது வித்தை. ஸ்குவாட் கிலோ கிலோவாக ஏறிக் காட்டிக்கொண்டே வரும். ஸ்னாட்ச் அப்படி இல்லை. நெடுநாள் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், பிறகு திடீரென்று சில கிலோ ஏறும். பாரில் இருக்கும் எடையையே பார்த்துக்கொண்டிருந்தால், இடையில் நடக்கும் முன்னேற்றம் கண்ணில் படவே படாது. உங்கள் மனம் சோர்வது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஆரம்ப நிலையை மாற்றியதும் 28 தடுமாறுவது இயல்பு. வயதான பிறகு கையெழுத்தை மாற்றி எழுதச் சொன்னால் கொஞ்ச காலம் எழுத்து கோணலாகத்தானே வரும்? பழைய முறையில் வந்த 32-ஐயும் புதிய முறையில் வரும் 28-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே வேண்டாம். நோட்டில் புதிய பக்கம் ஆரம்பித்து, புதிய முறைக்குத் தனிக் கணக்கு வையுங்கள்.

எதைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறோம் என்று கேட்டீர்கள். நான் பயிற்சிக்குப் போகும்போது ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போவேன். இன்று இத்தனை கிலோ தூக்கியாக வேண்டும் என்று போவதில்லை. பார் முழங்காலைத் தாண்டும்போது என் தோள் அதற்கு முன்னால் இருக்கிறதா? தரையை விட்டுக் கிளம்பும்போது எடை பாதத்தின் நடுவில் இருக்கிறதா, விரல் பக்கம் போய்விட்டதா? பிடிக்கும்போது பாதம் எங்கே விழுகிறது? ஏதாவது ஒன்று மட்டும். தரையிலிருந்து இழுப்பு முடியும்வரை எல்லாம் சேர்த்துச் சுமார் ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்குள் ஐந்து விஷயத்தை நினைக்க எந்த மூளையாலும் முடியாது, ஒன்றை நினைக்கலாம்.

பதிலைக் கைபேசி சொல்லும். இடுப்பு உயரத்தில், பாரின் நுனி தெரியும்படி நேர் பக்கவாட்டில் வைத்துப் படம் பிடியுங்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பாரின் நுனி போகும் பாதை அப்படியே தெரியும். உடம்பை ஒட்டி மேலே போகிறதா, முன்னால் வளைகிறதா என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

உங்களுக்கான கேள்வியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பார் எங்கே தொடுகிறது? அடுத்த சில வாரங்களுக்கு அது ஒன்றை மட்டும் பாருங்கள். முழங்காலுக்குச் சற்று மேலே பாரைப் பிடித்து நின்று, அங்கிருந்து ஹாங் ஸ்னாட்ச். எடை 20, 22 போதும். கை மடங்கினால் பார் எந்த இடத்தில் தொடும் என்பதே மாறிவிடும், அதனால் கையைக் கயிறு மாதிரி தளர்வாக, நீளமாக விட்டு, கால் நிமிர நிமிர பார் தானாக இடுப்புக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புதான் ஸ்னாட்சில் கஷ்டமான பகுதி. சீக்கிரம் இழுக்க வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் வரும், பலம் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகமாக வரும். இடுப்பில் தொட்ட தூக்கல்களுக்கு மட்டும் நோட்டில் ஒரு டிக் போடுங்கள். உடம்பு கனமாக இருக்கும் நாளிலும், தூக்கம் கெட்ட நாளிலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். "இன்று தொடையில்தான் தொட்டது" என்பதும் பதில்தான். வீட்டுக்குக் கிளம்பும்போது ஏதோ ஒன்று தெரிந்துகொண்டு கிளம்புவீர்கள்.

இன்னொன்று, உங்கள் பயிற்சிக் கூடத்தில் என்ன பார் இருக்கிறது என்று பாருங்கள். பெண்களுக்கான பார் 15 கிலோ, 25 மில்லிமீட்டர் தடிமன். ஆண்களுக்கானது 20 கிலோ, 28 மில்லிமீட்டர். கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு உள்ளே மடக்கிப் பிடிக்கும் ஹூக் கிரிப்பில் அந்த மூன்று மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம். அதே போல, பெரிய ரப்பர் பிளேட்டின் குறுக்களவு 45 சென்டிமீட்டர். குறைந்த எடையில் சின்ன பிளேட் போட்டால் பார் அந்த உயரத்துக்கு வராது, தரைக்கு ரொம்பக் கிட்டே கிடக்கும். புதிதாக இடுப்பைத் தாழ்த்தக் கற்கும் உங்களுக்கு அது வேண்டாத சிரமம். எடை குறைந்த பெரிய பிளேட் இல்லையென்றால், இருபுறமும் கட்டை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள்.

பவர்மட்டும் தம்பி விதியைச் சரியாகச் சொன்னார், ஆனால் முடிவில் நான் சேரமாட்டேன். முழங்கால் வலி இருந்தால் பவர் ஸ்னாட்ச் நல்ல வழி. ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்துப் பிடிக்கும் பழைய ஸ்பிளிட் முறையும் உண்டு, தோள் இறுகிய மூத்தவர்கள் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நீங்கள் வலி என்று எழுதவில்லை. உட்கார்ந்து தாங்கும் அந்த நொடிதான் சந்தோஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையே விட்டுவிட்டால் எதற்காகப் போவீர்கள்?

போட்டிக்குப் பெயர் கொடுங்கள் என்பது என் கடைசி யோசனை. மாஸ்டர்ஸில் வயதுப்படி ஐந்து ஐந்து வருடமாகப் பிரிவு. உங்கள் பிரிவு 50 முதல் 54. அங்கே இருபது வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். உடல் எடைக்கும் வயதுக்கும் ஏற்ப மதிப்பெண்ணைச் சரிசெய்யும் கணக்கும் உண்டு, அதனால் 70 வயதுக்காரரும் 40 வயதுக்காரரும் ஒரே பட்டியலில் நியாயமாக நிற்க முடிகிறது. அமெரிக்கப் பளுதூக்கு வீரர் நார்பர்ட் ஷெமான்ஸ்கி 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியபோது அவருக்கு 40 வயது. அவர் பெரிய வீரர், இளமையிலிருந்தே தூக்கியவர், நம்மோடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் அந்த வயதிலும் அவர் மேடை ஏறினார் என்பது எனக்குப் பிடிக்கும்.

மூட்டும்தசையும்

நான் பிசியோதெரபிஸ்ட், வார இறுதிகளில் நானும் தூக்குகிறேன். சாக்பவுடர் ஐயா சொன்னதோடு உடம்பு பற்றிச் சில விஷயங்கள் சேர்க்கிறேன்.

அக்கா, வயது கூடும்போது பலம் குறைவதைவிட வேகம் சீக்கிரம் குறைகிறது. வேகமாகச் சுருங்கும் தசை நார்கள்தான் முதலில் மெலிகின்றன. உங்கள் ஸ்குவாட் ஏறி ஸ்னாட்ச் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதற்கு மருந்து கனமான எடை இல்லை. நடுத்தர எடையில் வேகமாக, ஒரு செட்டுக்கு ஒன்றோ இரண்டோ தூக்கல், நடுவில் நல்ல ஓய்வு. மூச்சு வாங்கும் வரை செய்தால் நீங்கள் மெதுவாகத் தூக்கப் பழகிவிடுவீர்கள்.

இரண்டாவது, தசை பலமாகும் வேகத்தில், அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் பலமாகாது. இருபது வயதுப் பிள்ளை அடுத்தடுத்த நாளில் கனமாகத் தூக்கலாம், உங்களுக்கு வாரத்தில் இரண்டு கனமான நாள் போதும், மூன்றாவது நாள் இலேசான எடையில் வித்தைக்கு மட்டும். மறுநாள் காலையிலும் தோள் வலித்தால் அது தசைக் களைப்பு என்று விடாமல் யாரிடமாவது காட்டுங்கள். இரத்த அழுத்தம் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைத்த பிறகே கனமாகத் தூக்குங்கள், மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது அழுத்தம் சட்டென்று ஏறும்.

மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பின் அடர்த்தியும் குறையத் தொடங்கும். எலும்புக்கு வேண்டியது பளு. ஸ்னாட்ச் நகராத மாதங்களிலும் உங்கள் 70 கிலோ ஸ்குவாட் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. 1990-இல் வெளியான ஃபியாட்டரோனே ஆய்வில், பராமரிப்பு இல்லத்தில் இருந்த, சராசரி 90 வயதுடையவர்களுக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அது காலை நீட்டும் எளிய பயிற்சி, ஸ்னாட்ச் இல்லை. ஆனால் உடம்பு பதில் சொல்வதை எந்த வயதிலும் நிறுத்துவதில்லை என்று என்னிடம் வருபவர்களுக்கு அதைத்தான் காட்டுகிறேன்.

இதையும் சொல்ல வேண்டும். பெண்கள் பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 2000-இல், சிட்னியில். நம் நாட்டின் கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் வென்ற அதே போட்டி. பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 1987-இல்தான் நடந்தது. நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்தக் கதவு பெண்களுக்குச் சரியாகத் திறக்கவே இல்லை. கூடத்தில் பக்கத்தில் நிற்கும் பெண்பிள்ளைகள் திறந்த கதவு வழியாக வந்தவர்கள். அவர்களோடு உங்களை ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மெதுநடை

எல்லோருக்கும் நன்றி. பவர்மட்டும் தம்பி, நீங்கள் சொன்னதை மூட்டு வலிக்கும் நாட்களுக்கு வைத்துக்கொள்கிறேன். எங்கள் கூடத்தில் 20 கிலோ பாரில்தான் தூக்கிக்கொண்டிருந்தேன். 15 கிலோ பார் சுவரோரம் இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. நாளைக்கு அதை எடுக்கிறேன்.

சாக்பவுடர் அண்ணா, ஒரு சந்தேகம். என் இடது முழங்கை முழுதாக நேராகாது, சின்ன வயதில் விழுந்ததால். போட்டியில் அதைப் பார்த்து, தூக்கல் செல்லாது என்று சிவப்பு விளக்கு போட்டுவிடுவார்களா? அப்புறம், முதல் முயற்சிக்கு எவ்வளவு எடை சொல்வது?

சாக்பவுடர்

முழங்கைக்குப் பயப்பட வேண்டாம். கை இயல்பாகவே நேராகாதவர்கள் தூக்குவதற்கு முன் நடுவர்களிடம் கையை நீட்டிக் காட்டிவிடலாம், விதியில் அதற்கு இடம் இருக்கிறது. நடுவர்கள் மூன்று பேர், இரண்டு வெள்ளை விளக்கு வந்தால் தூக்கல் செல்லும். கையை மடக்கி மறுபடி நீட்டினால்தான் சிவப்பு, அது நேராகாத கைக்கும் பொருந்தும்.

ஸ்னாட்சில் மூன்று முயற்சி, கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று. மூன்றில் ஒன்றாவது நிற்காவிட்டால் மொத்தக் கணக்கில் சேரமாட்டீர்கள், அதனால் முதல் எடை உறுதியாக இருக்க வேண்டும். தூக்கம் கெட்ட நாளிலும், வார்ம் அப் சரியாக அமையாத நாளிலும் உங்களுக்கு வரும் எடை எது? இப்போதைய நிலையில் 25 அல்லது 26 என்று நினைக்கிறேன், பயிற்சியாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பெயர் கூப்பிட்டதும் ஒரு நிமிடம் தருவார்கள், அடுத்த முயற்சியும் உங்களுடையதே என்றால் இரண்டு நிமிடம். மேடையில் அது போதுமான நேரம். பயிற்சியிலேயே கடிகாரம் வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.