கேம்பர்வேன் மின் இணைப்பு சாக்கெட்டை மாற்றினேன், டிரிப் ஆகிறது. அவசரம்

குரோய்டன்காரன் (வெள்ளி, இரவு 8.50)
வேனின் பக்கவாட்டில் உள்ள நீல நிற 16 ஆம்பியர் சாக்கெட்டின் மூடி உடைந்து, பின்களும் கறுத்துவிட்டன. புதிதாக ஒன்று வாங்கி மாற்றினேன். இப்போது டிரிப் ஆகிறது. பழையதில் இருந்தபடியேதான் கம்பிகளைப் போட்டேன். காலையில் வேல்ஸ் கிளம்புகிறோம், பிள்ளைகள் பையெல்லாம் கட்டிவிட்டார்கள். யாராவது விரைவாகச் சொல்லுங்கள்.

மழைக்கூடாரம் (9.02)
எது டிரிப் ஆகிறது? வேனுக்குள் உள்ள ஆர்.சி.டி.யா (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்), வீட்டில் உள்ளதா? எங்கே இணைத்தீர்கள்? இணைத்த உடனேயா, ஏதாவது கருவியைப் போட்ட பிறகா? இவை தெரியாமல் பதில் சொன்னால் அது சோதிடம்.

லெஸ்டர் மாமா (9.05)
ஈரம்தான் தம்பி, சந்தேகமே வேண்டாம். இணைப்பு வயர் புல்லில் கிடந்தால் முனைக்குள் தண்ணீர் போய்விடும். முடி உலர்த்தியை எடுத்து இரண்டு முனைகளிலும் நன்றாக ஊதுங்கள். எங்கள் வேனில் எப்போது டிரிப் ஆகி விழுந்தாலும் இதுதான் காரணம்.

பழைய ஃபோர்மன் (9.11)
230 வோல்ட் விளையாட்டுப் பொருள் அல்ல. திருப்புளி வைத்திருப்பவர்கள் எல்லாம் எலக்ட்ரீஷியன் ஆகிவிட முடியாது. "பழையதில் இருந்தபடியே" என்று எழுதும்போதே தெரிகிறது. தகுதியுள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் சொல்லியாகிவிட்டது, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை.

ஹாரோ அக்கா (9.14)
வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு எந்த எலக்ட்ரீஷியன் வருவார், அண்ணா? குளிர்பெட்டியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள் தம்பி. எரிவாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் வகை என்றால், குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த பிறகு அதன் சூடாக்கும் கம்பியில் கசிவு வரும்.

குரோய்டன்காரன் (9.20)
வீட்டில் உள்ளதுதான் விழுகிறது. வேனில் உள்ளது விழவில்லை. 13 ஆம்பியர் பிளக் அடாப்டர் வழியாக இணைத்தேன். வயர் காய்ந்துதான் இருக்கிறது.

மழைக்கூடாரம் (9.23)
கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை. உடனேயா, பிறகா?

லாசப்பல் வாசி (9.25)
லைவும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலும் (அது திரும்பும் கம்பி) இடம் மாறியிருந்தால் அதனால் மட்டும் விழாது. பிரான்சில் பல கேம்பிங் முகாம்களில் மாறித்தான் இருக்கிறது, எல்லோருடைய வேனும் ஓடுகிறது.

பழைய ஃபோர்மன் (9.29)
தவறான தகவல். துருவம் மாறினால் ஆர்.சி.டி. வேலை செய்யாது. பிரான்சில் எல்லோரும் அதிர்ஷ்டத்தில் தப்பிக்கிறார்கள்.

லாசப்பல் வாசி (9.34)
ஆர்.சி.டி. பார்ப்பது ஒன்றைத்தான்: போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா? 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் வெட்டிவிடும். எந்தக் கம்பி லைவ் என்பது அதற்குத் தேவையே இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. துருவம் மாறியிருந்தால், ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் ஒற்றைத் துருவ சுவிட்சை அணைத்தாலும் கருவிக்குள் லைவ் நின்றுகொண்டிருக்கும். அதனால்தான் வேனில் இரண்டு கம்பிகளையும் சேர்த்துத் துண்டிக்கும் இரட்டைத் துருவ எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் வெட்டும் சுவிட்ச்) வேண்டும் என்கிறோம்.

பழைய ஃபோர்மன் (9.37)
நான் சொன்னதும் அதுதான். வாசிக்கப் பழகுங்கள்.

லாசப்பல் வாசி (9.38)
ஒன்பது நிமிடத்துக்கு முன் நீங்கள் எழுதியது மேலேயே இருக்கிறது அண்ணா.

குரோய்டன்காரன் (9.41)
இணைத்தவுடன் ஒன்றும் ஆகவில்லை. கெட்டிலைப் போட்டால்தான் விழுகிறது. சொல்ல மறந்துவிட்டேன்.

மழைக்கூடாரம் (9.46)
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! இனி இணைக்காதீர்கள். வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். இன்லெட்டில் (நீங்கள் மாற்றிய அந்தச் சாக்கெட்டில்) மூன்று பின்களில் ஒன்று தடிமனாக இருக்கும், அதுதான் எர்த் (நிலத்தோடு சேரும் பாதுகாப்புக் கம்பி). அதற்கும் வேனின் உடம்பில் பெயின்ட் இல்லாத ஓர் இடத்துக்கும் இடையே ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும். மற்ற இரண்டு பின்களுக்கும் உடம்புக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது.

ஹாரோ அக்கா (9.48)
குளிர்பெட்டியையும் மறக்க வேண்டாம்.

குரோய்டன்காரன் (10.03)
தடித்த பின்னில் ஒன்றும் காட்டவில்லை. இன்னொன்றில் 0.3 ஓம்.

மழைக்கூடாரம் (10.10)
எர்த்தும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. கெட்டிலுக்குப் போன மின்சாரம் நியூட்ரலில் திரும்பாமல் வீட்டு எர்த் வழியே திரும்புகிறது. வீட்டு ஆர்.சி.டி.க்குக் கணக்கு இடிக்கிறது, வெட்டுகிறது. வேனின் ஆர்.சி.டி. வழியாகப் போனதும் வந்ததும் சமம், அதனால் அது பேசாமல் இருக்கிறது. விழுவது பெரிய பிரச்சினை இல்லை. வேன் உடம்பு முழுவதும் நியூட்ரலோடு சேர்ந்திருக்கிறதே, அதுதான் பிரச்சினை. அந்த நிலையில் லைவும் நியூட்ரலும் மாறிய ஒரு முகாம் மின்கம்பத்தில் இணைத்திருந்தால் கதவுப் பிடியிலேயே 230 வோல்ட் இருந்திருக்கும்.

இன்லெட்டின் பின்புற அமைப்பு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். இடத்தைப் பார்க்காமல் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பாருங்கள்: பழுப்பு எல் (லைவ்), நீலம் என் (நியூட்ரல்), பச்சை-மஞ்சள் எர்த். பழைய பின்கள் கறுத்திருந்தன என்கிறீர்கள். ஏதோ ஒரு முனை தளர்ந்து சூடேறியிருக்கிறது. கேபிளின் நுனிச் செம்பும் கறுத்திருந்தால் நல்ல செம்பு வரும்வரை வெட்டிவிட்டுத் திருகுங்கள். கேபிள் 2.5 சதுர மில்லிமீட்டர்தானே?

பழைய ஃபோர்மன் (10.14)
கம்பிகளைப் போட்ட முறைதான் தவறு என்று முதல் பதிலிலேயே சொன்னேன்.

ஹாரோ அக்கா (10.16)
நீங்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னீர்கள்.

பழைய ஃபோர்மன் (10.19)
கூப்பிட்டிருந்தால் ஒன்பதேமுக்காலுக்கே முடிந்திருக்கும். சும்மா ஓம் அளந்து பார்ப்பது சோதனை ஆகாது, 500 வோல்ட்டில் மின்காப்புச் சோதனை (கம்பி உறையில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது) செய்ய வேண்டும். அந்தக் கருவி இங்கே எத்தனை பேரிடம் இருக்கிறது?

லாசப்பல் வாசி (10.22)
அதில் உங்களோடு உடன்படுகிறேன். வேல்ஸிலிருந்து திரும்பியதும் ஒருமுறை செய்துவிடுவது நல்லது.

குரோய்டன்காரன் (10.51)
மாற்றினேன். தடித்த பின் 0.3, மற்றவை ஒன்றும் இல்லை. கெட்டில் ஓடுகிறது. எல்லோருக்கும் நன்றி.

லெஸ்டர் மாமா (10.53)
உள்ளே கொஞ்சம் ஈரமும் இருந்திருக்கும் தம்பி.

மழைக்கூடாரம் (10.55)
வேனின் ஆர்.சி.டி.யில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தீர்களா? எல், என் இரண்டும் சரியான பக்கத்தில் இருக்கின்றனவா? புதிய மூடியின் ரப்பர் வளையம் வேன் தகட்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா?

மழைக்கூடாரம் (சனி, காலை 7.30)
குரோய்டன்காரரே?

ஹாரோ அக்கா (7.42)
கிளம்பியிருப்பார்கள்.