ஃபிரிட்ஜ் ஃபான் சத்தம்: மோட்டர் மாற்றத்தான் வேணுமா?

கொக்குவில் கிளி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு கதவு நோ ஃப்ரொஸ்ட் ஃபிரிட்ஜ், மேலே ஃப்ரீசர். கொஞ்ச நாளாக உள்ளே எதுவோ உரசுகிற மாதிரி கர்ர் கர்ர் என்று சத்தம். பகலில் பெரிதாகத் தெரியாது, இரவு ஊர் அடங்கினால் அறைக்குள் வரைக்கும் கேட்கிறது, மாமிக்கு நித்திரை இல்லை. இடைக்கிடை அரை மணித்தியாலம் அளவில் தானாக நின்று பிறகு திரும்பத் தொடங்கும். திருத்துகிற ஒருவரைக் கூப்பிட்டோம், கதவைத் திறந்து ஒருக்கா எட்டிப் பார்த்துவிட்டு ஃபான் மோட்டர் போய்விட்டது, புதிதுதான் போட வேணும் என்கிறார். அவர் சத்தத்தைக்கூட ஒழுங்காகக் கேட்கவில்லை, கதவைத் திறந்தவுடனே அது நின்றுவிட்டது! கீழ்த்தட்டில் மரக்கறியும் முந்திய மாதிரிக் குளிர்வதில்லை. உண்மையிலேயே மோட்டர்தானா, இல்லை நாங்களே ஏதாவது பார்க்கலாமா? ஸ்க்ரூட்ரைவர் பிடிப்பேன், கறண்டுக்குத்தான் பயம்.

இணுவில் வயர்மன்:

தங்கச்சி, மோட்டருக்குக் காசு கொடுக்க முதல் கொஞ்சம் பொறுங்கோ. நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. கதவைத் திறந்ததும் சத்தம் நிற்கிறது என்றால் அது ஃப்ரீசருக்குள் இருக்கிற ஃபான், கதவுச் சுவிட்ச் அதை நிறுத்திவிடும். நிச்சயப்படுத்த, கதவு திறந்திருக்கும்போது சட்டத்தில் இருக்கிற சின்னச் சுவிட்சை விரலால் அமத்திப் பாருங்கோ, சத்தம் திரும்ப வந்தால் ஆள் அதுதான். சில புது மொடல்களில் சுவிட்ச் வெளியில் தெரியாது, காந்தத்தில் வேலை செய்யும். கதவைத் திறந்த பிறகும் சத்தம் கேட்டால்தான் பின்பக்கம் கொம்பிரசரைச் சந்தேகிக்க வேணும்.

அடுத்தது அந்த அரை மணித்தியாலம். நோ ஃப்ரொஸ்ட் என்றால் ஐஸே பிடிக்காது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ஃப்ரீசரின் பின் தட்டுக்குப் பின்னால் இருக்கிற, குளிரைத் தருகிற குழாய்ச் சுருளான கொயிலில் ஐஸ் பிடிக்கும், அதை இடைக்கிடை ஹீற்றர் போட்டு அதுவாகவே உருக்கிக்கொள்ளும், அந்த நேரம் ஃபானும் கொம்பிரசரும் நிற்கும். அந்த ஹீற்றரோ சென்சரோ டைமரோ பழுதானால், அல்லது உருகின தண்ணீர் வடிகிற துவாரம் அடைத்தால், ஐஸ் வளர்ந்து வந்து ஃபான் இறக்கையில் முட்டும். உங்கள் கர்ர் அதுவாகத்தான் இருக்கும். ஐஸ் அடைத்தால் காற்று கீழே இறங்காது, மரக்கறி குளிராததும் அதனால்தான். மோட்டர் பேரிங் தேய்ந்தால் பெரும்பாலும் கீச்சென்று வேறு மாதிரிக் கத்தும்.

பிளக்கைக் கழற்றி, சாமானை எடுத்து, இரண்டு கதவையும் திறந்து ஒரு நாள் முழுக்க விடுங்கோ. கீழே சாக்கைப் போடுங்கோ, நினைப்பதைவிடக் கூடத் தண்ணீர் வரும். கத்தியாலோ ஸ்க்ரூட்ரைவராலோ ஐஸைக் குத்த வேண்டாம். கொயில் அலுமினியம், ஓட்டை விழுந்தால் உள்ளே ஓடுகிற, குளிர வைக்கிற கேஸ் போய்விடும், இப்போதைய ஃபிரிட்ஜ்களில் கனக்க ஆர்600ஏ, அது பற்றி எரியக்கூடிய கேஸ். எது என்று உள்ளே அல்லது பின்னால் ஒட்டியிருக்கிற லேபிளில் இருக்கும்.

பனங்கொட்டை:

இவ்வளவு பாடு எதற்கு? பின் தட்டைக் கழற்றி ஃபானின் அச்சில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால் சத்தம் நிற்கும். எங்கள் ஊரில் மேசை ஃபானுக்கு அதுதான் வைத்தியம்.

இணுவில் வயர்மன்:

தம்பி, மேசை ஃபான் வெயிலில் நிற்கிறது, இது பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டில் நிற்கிறது! தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிருக்கே போத்தலுக்குள் உறைகிற சாமான். ஃப்ரீசருக்குள் விட்டால் மோட்டர் சுத்தவே மாட்டாது. பேரிங் தேய்ந்தது என்றால் மோட்டரை மாற்றுவதுதான் சரி, எண்ணெய் கொஞ்ச நாளைக்குத்தான் பேசாமல் வைத்திருக்கும். மாற்றினாலும் பழைய மோட்டரைக் கையோடு கொண்டுபோய் வோல்ட்டேஜ், இறக்கை அளவு, சுத்துகிற பக்கம் எல்லாம் ஒத்துப் பார்த்து வாங்க வேணும். இன்வேர்ட்டர் ஃபிரிட்ஜ்களில் ஃபான் அனேகமாக 12 வோல்ட் டிசி, அதற்கு வீட்டுக் கறண்டு 230ஐக் கொடுத்துச் சோதித்தால் புகைதான்.

சுன்னாகம் அக்கா:

உள் ஃபான் பற்றி வயர்மன் சொன்னது சரி, ஆனால் இந்தத் தலைப்பைத் தேடி வருகிற மற்றவர்களுக்காக ஒன்று எழுதுகிறேன். எங்கள் வீட்டுச் சத்தம் கதவு திறந்தாலும் நிற்கவில்லை. பின்பக்கம் கீழே இருக்கிற மூடியைக் கழற்றினால் கொம்பிரசருக்குப் பக்கத்து ஃபானில் பூனை மயிரும் செம்மண் புழுதியும் களிமண் மாதிரி அப்பிக் கிடந்தது, ஒரு பக்கம் பாரம் கூடி ஆடி ஆடிச் சுத்தியிருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு பெயின்ற் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன், அதோடு சரி. வலிகாமத்தில் சோளகம் தொடங்கினால் புழுதி எங்கே எல்லாம் புகும் என்று சொல்லவா வேணும், அந்தக் காற்று முடிந்ததும் ஒருக்காத் திறந்து துடைத்துவிடுவேன். எல்லா ஃபிரிட்ஜிலும் கீழ் ஃபான் இல்லை. பக்கச் சுவர் சுடுகிற மொடல் என்றால் அனேகமாக இருக்காது, பின்னால் தேடி அலைய வேண்டாம்.

கதவு றப்பரையும் பாருங்கோ. ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் இறுக்கமாக வர வேணும், சும்மா வழுகி வந்தால் அந்த இடத்தால் ஈரக்காற்று உள்ளே போகிறது, ஐஸ் பிடிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே பல றப்பர் திரும்ப ஒட்டும்.

கொக்குவில் கிளி:

சுவிட்சை அமத்தினேன், கர்ர் வந்தது! ஐஸ்தான் போல. மீனையும் இறைச்சியையும் பக்கத்து வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு நேற்றுக் காலை தொடக்கம் திறந்து விட்டேன், சாக்கு நனைந்து குசினி வரைக்கும் தண்ணீர். இப்போது போட்டிருக்கிறேன், சத்தமே இல்லை. மாமி கரண்டு இல்லையோ என்று கேட்டுக்கொண்டு வருகிறா. இனி வேலை முடிந்ததா?

இணுவில் வயர்மன்:

முடிந்ததா என்று இப்போது சொல்ல ஏலாது. கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்ததால் ஒருமுறை கட்டின ஐஸ் என்றால் இனி வராது. இரண்டு மூன்று கிழமைக்குள் திரும்ப உரசத் தொடங்கினால் அனேகமாக ஹீற்றர் பக்கம் பழுது, அப்போது அந்த மனுசனையே கூப்பிட்டு, மோட்டரை விட்டுவிட்டு ஹீற்றர், சென்சர், ஃபியூஸ் மூன்றையும் மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கோ. மீற்றர் கொண்டு வராமல் வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கோ. மற்றது, ஃப்ரீசரின் பின் தட்டில் இருக்கிற காற்று ஓட்டைகளோடு மீன் பையை ஒட்டி அடுக்க வேண்டாம், நாலு விரல் இடைவெளி விடுங்கோ.