லேபிளில் ஊர்ப்பெயர் மட்டும்: வாலே தாவோஸ்தா ஒயினில் எந்தத் திராட்சை?

கேள்வி: இத்தாலியின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியான வாலே தாவோஸ்தாவிலிருந்து தொரெத், தொன்னாஸ், ஆன்ஃபேர் தார்வியே என்று மூன்று சிவப்பு ஒயின்கள். எதிலும் திராட்சையின் பெயர் இல்லை. இவற்றில் இருப்பது என்ன? இங்குள்ள கோர்னலான் திராட்சையும் எல்லைக்கு அப்பால் சுவிட்சர்லாந்தில் கிடைக்கும் கோர்னலானும் ஒன்றுதானா? மோர்ஜே வெள்ளை ஒயின் இவ்வளவு லேசாக, தண்ணீர் போல் இருப்பது குறையா?

பதில் 1: 1985 முதல் பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே டி.ஓ.சி.தான் (ஒயினின் ஊருக்கும் தயாரிப்புக்கும் இத்தாலி தரும் சட்டப்பூர்வத் தரமுத்திரை); ஊர்ப்பெயர்கள் அதன் உட்பிரிவுகள். தொரெத்தில் பெத்தி ரூஜ் என்ற உள்ளூர்ச் சிவப்புத் திராட்சை குறைந்தது 70%, ஆன்ஃபேர் தார்வியேயில் 85%. தொன்னாஸ் முற்றிலும் வேறு: அது நெபியோலோ திராட்சை, அங்கே அதற்கு பிகோதெந்த்ரோ என்று பெயர். நுஸ் ஊரின் மல்வாசி ஒயினிலும் ஏமாந்துவிடாதீர்கள், அது மல்வாசியா திராட்சை அல்ல, பினோ கிரிஜோ.

பதில் 2: கோர்னலான் விஷயத்தில் பெயர்தான் ஒன்று, கொடி வேறு. சுவிஸ் கோர்னலானின் பழைய பெயர் ரூஜ் து பெயி. மரபணுச் சோதனைப்படி அது பெத்தி ரூஜுக்கும் மயோலேவுக்கும் பிறந்தது, அதாவது தாய் தந்தை இரண்டுமே ஆவோஸ்தாக்காரர்கள்! ஆவோஸ்தாவின் கோர்னலானோ அந்த ரூஜ் து பெயியின் வாரிசு. சுவிட்சர்லாந்தில் அதைத் தேடினால் உமாஞ் ரூஜ் என்று கேட்க வேண்டும்.

பதில் 3: மோர்ஜே, லா சால் ஊர்களின் வெள்ளை ஒயின் லேசாக இருப்பது அதன் இயல்பு. அதன் திராட்சையான ப்ரியே ப்ளாங்கின் கொடி ஏறத்தாழ 900 முதல் 1,200 மீட்டர் உயரத்தில் வளர்கிறது. அங்கே கோடை குறுகியது. சீக்கிரம் பழுக்கும் ரகம் என்பதால்தான் தாக்குப்பிடிக்கிறது. சர்க்கரை அதிகம் ஏறாது, புளிப்பு தங்கிவிடும், ஆல்கஹாலும் குறைவு. பந்தலைத் தாழ்வாகப் போடுவதற்குக் காரணம் உண்டு: பகலில் மண்ணும் கல்லும் வாங்கிய வெப்பம் இரவில் குலைகளுக்குக் கிடைக்கும், காற்றும் அடிக்காது. அறுவடைக்குக் குனிந்தே போக வேண்டும், அது வேறு கதை. கொடியின் வேரைத் தாக்கும் பூச்சியான வேர்ப்பேன் இந்த உயரத்தை எட்டாததால் பல கொடிகள் இன்றும் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

8 முதல் 10 டிகிரியில் ஊற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தால் மணம் அடங்கி வெறும் புளிப்புதான் நாக்கில் நிற்கும். நீங்கள் தண்ணீர் போல் உணர்ந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பதில் 4: அடுத்து ஃப்யூமின் என்ற உள்ளூர்ச் சிவப்புத் திராட்சையின் ஒயின் வாங்குவதாக இருந்தால் ஒன்று: அடர்நிறம், நல்ல துவர்ப்பு, தாமதமாகப் பழுக்கும் ரகம். திறந்ததும் தீக்குச்சி உரசிய வாடையோ முட்டை வாடையோ வரலாம். நொதிக்கும்போது போதிய காற்றுப் படாததன் விளைவு அது. அகன்ற குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். அதற்குப் பிறகும் போகவில்லை என்றால் பாட்டிலில்தான் கோளாறு. பெத்தி ரூஜுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், 15 டிகிரியில் நேராக ஊற்றலாம்.