மறு: தட்டணு (பிளேட்லெட், ரத்தம் உறைய உதவும் அணு) ஏற்றியும் எண்ணிக்கை உயராத நிலைக்கு ஒரு சொல்

> "தட்டணு எதிர்ப்பு" என்றே வைத்துவிடலாமே. உடல் எதிர்ப்பதால்தானே எண்ணிக்கை உயர்வதில்லை?

வணக்கம். எனக்கு உடன்பாடில்லை. ஏற்றிய தட்டணு நிலைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் நோயெதிர்ப்பு அல்ல. காய்ச்சல், கடுந்தொற்று, வீங்கிய மண்ணீரல், ஓயாத ரத்தக்கசிவு, சில மருந்துகள் என்று பட்டியல் நீளும். பெயரிலேயே 'எதிர்ப்பு' வந்துவிட்டால் விசாரிக்கும் முன்பே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

வார்டில் என்ன சொல்கிறார்கள்? "ஏத்தியாச்சு, கவுண்ட் ஏறலை." அதையே எடுத்துக்கொள்வோம்: தட்டணு ஏறாமை. எதிர்ப்பினால் வருவதை மட்டும் 'எதிர்ப்புவழி ஏறாமை' எனலாம்.

இந்த வகையில் நடப்பது இது. தட்டணுவின் மேல் எச்.எல்.ஏ. (HLA, ஒருவரின் திசு வகையைக் காட்டும் அடையாளங்கள்) முதல் வகைப் புரதங்கள் இருக்கின்றன. அவை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் நோயாளியின் உடலை எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) செய்யத் தூண்டுவதில் பெரும்பங்கு தட்டணுவுக்கு இல்லை, கூடவே வந்துவிடும் கொடையாளியின் வெள்ளணுக்களுக்கு. வடிகட்டுவது அதற்குத்தான். 1997இல் வெளியான டிராப் (TRAP) என்ற மருத்துவ ஆய்வில், வழக்கமான தட்டணு பெற்ற ரத்தப் புற்றுநோயாளிகளில் 45 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் உண்டானது. வெள்ளணுவை வடிகட்டியோ புறஊதாக் கதிர் பாய்ச்சியோ கொடுத்தபோது 17 முதல் 21 சதவீதம்தான். முன்பு கருவுற்ற பெண்களுக்கு, ஏற்றுவதற்கு முன்பே எதிர்ப்பொருள் இருக்கலாம். எதிர்ப்பொருள் ஒட்டிய தட்டணுவை மண்ணீரலின் விழுங்கணுக்கள் உடனே பிடித்துவிடும். ஆகவே ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த எண்ணிக்கையே உயராவிட்டால் இந்த வகையைச் சந்தேகிப்பார்கள். ஏறி, மறுநாள் இறங்கினால் தொற்று, காய்ச்சல் பக்கம் பார்ப்பார்கள்.

> 'ஏறாமை' பேச்சுவழக்காக இருக்கிறதே. 'பயனுறாமை' கண்ணியமாக இல்லையா?

செரியாமை என்று எழுதும்போது யாரும் கூசுவதில்லையே! மேலும், எண்ணிக்கை ஏறாவிட்டாலும் ரத்தக்கசிவு மட்டுப்படக்கூடும். 'பயனில்லை' என்று நாம் எப்படிச் சொல்வது?

அப்புறம், இன்னொருவரின் அணுவை உடல் எதிர்ப்பதற்கு முன்மொழிந்த 'அயலெதிர்ப்பு' என்ற சொல் பற்றி. மனிதருக்கு மனிதர் என்றால் 'பிறர்' போதும். அயல் என்பதை வேற்றினத்துக்கு, அதாவது பன்றியின் உறுப்பை மனிதருக்குப் பொருத்துவது போன்றவற்றுக்கு ஒதுக்கிவைப்போம். தன்னெதிர்ப்பு, பிறரெதிர்ப்பு, அயலினவெதிர்ப்பு என்று மூன்றும் வரிசையாக நிற்கும்.

> சரி, ஏறாமைக்கு என் ஓட்டு. எச்.எல்.ஏ. பார்த்துத் தேர்ந்த தட்டணுவுக்கு?

'வகையொத்த தட்டணு' எனலாம். நோயாளியின் ரத்தநீரோடு சேர்த்துச் சோதித்துத் தருவதற்குப் 'பொருத்தம் பார்த்த தட்டணு'. இரண்டும் வேறு வேறு சோதனை, ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம்.