சப்மெனு சேர்த்த கதைகள்: வேலூர் பக்கத்து வேர்ட்பிரஸ்காரங்க சொல்லுங்க

காட்பாடி ஜங்ஷன்:

வேர்ட்பிரஸ்ல (வெப்சைட் நடத்துற மென்பொருள்) அட்மின் பக்கத்துல, அதாவது சைட்டை நிர்வகிக்கிற உள்பக்கத்துல, ஒரு தாய் மெனுவுக்குக் கீழ சப்மெனு சேர்க்கிறது ரெண்டு வரி வேலைதான். ஆனா அந்தப் பக்கத்துக்கு வேர்ட்பிரஸ் உள்ளுக்குள்ள வைக்கிற பேரு தாய் மெனுவைப் பிடிச்சுத் தொங்குது. அது தெரியாம மண்டை காய்ஞ்சவங்க நிறைய பேர். நான் பார்த்ததைச் சொல்றேன், நீங்களும் எழுதுங்க.

சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் ஒரு லாட்ஜ். மேற்கு வங்கத்துல இருந்து வைத்தியத்துக்கு வர்றவங்க நிறைய தங்குவாங்க. அந்தத் தெருக்கள்ல கடை போர்டுகூட பெங்காலியில இருக்கும், ஊர்க்காரங்களுக்குத் தெரியும். ரூம் புக்கிங்குக்கு முன்னாடி யாரோ எழுதின பிளகின் (வேர்ட்பிரஸ்ல சேர்க்கிற கூடுதல் நிரல்). அதுக்கு பெங்காலி மொழிபெயர்ப்புக் கோப்பும் போட்டிருந்தாங்க. ஒரு நாள் ஓனர் போன்ல, "தம்பி, புக்கிங் லிஸ்ட் பக்கம் நம்ம ரிசப்ஷன் பையனுக்கு மட்டும் வேலை செய்யல, எனக்கு நல்லாத்தான் வருது"ன்னார். போய்ப் பார்த்தா, காலண்டர் திறக்கல, பட்டனை அமுக்குனா சத்தமே இல்ல. கேஷ் கிளியர் பண்ணியாச்சு, பிரௌசர் மாத்தியாச்சு, கம்ப்யூட்டரையே மாத்தியாச்சு. அதே கம்ப்யூட்டர்ல ஓனர் லாகின் போட்டா எல்லாம் ஓடுது.

அந்தப் பையன் லாகின்ல பக்கத்தோட சோர்ஸைத் திறந்தேன். பிளகினோட ஜாவாஸ்கிரிப்ட் கோப்பே அதுல இல்ல! அவர் புரொஃபைலைப் பார்த்தேன். மொழி பெங்காலி. 2016ல வந்த வேர்ட்பிரஸ் 4.7ல இருந்து ஒவ்வொரு யூசரும் அட்மினைத் தனக்கு வேண்டிய மொழியில வச்சுக்கலாம்.

விஷயம் இதுதான். சப்மெனு பக்கத்தோட ஹூக் சஃபிக்ஸ், அதாவது முதல்ல சொன்ன அந்த உள் பேரு, எப்படி உருவாகுதுன்னா, முதல்ல தாய் மெனுவோட தலைப்பு, அப்புறம் "_பேஜ்_", அப்புறம் நம்ம பக்கத்தோட ஸ்லக் (யூஆர்எல்ல வர்ற குறும்பேரு). தாய் மெனுவோட ஸ்லக் இல்ல, திரையில தெரியுற தலைப்பு! அது மொழிபெயர்ந்தா ஹூக் பேரும் மாறிடும். இங்கிலீஷ்ல "லாட்ஜ்_பேஜ்_"னு ஆரம்பிக்கிறது, பெங்காலியில பெர்சன்ட் குறியும் எழுத்தும் எண்ணுமா ஒரு நீளமான வாலா மாறிடுச்சு. பழைய கோடுல "ஹூக் பேரு இதுவா இருந்தா மட்டும் ஸ்கிரிப்டை ஏத்து"ன்னு இங்கிலீஷ் பேரை அப்படியே எழுதி வச்சிருந்தாங்க. பொருந்தல, ஏத்தல. மேல் மெனுவோட சொந்தப் பக்கம் மட்டும் அவருக்கும் ஓடினதுக்குக் காரணம், அதுக்குப் பேரு "டாப்லெவல்_பேஜ்_" கூட ஸ்லக்தான், தலைப்பு அதுல வராது.

சரி பண்றது சுலபம். ஆட்_சப்மெனு_பேஜ் ஃபங்ஷன் திருப்பித் தர்ற மதிப்பை ஒரு வேரியபிள்ல பிடிச்சு வச்சுக்கிட்டு அதோடயே ஒப்பிடணும். ஸ்கிரீன் ஐடியை (ஒவ்வொரு அட்மின் திரைக்கும் வேர்ட்பிரஸ் வைக்கிற அடையாளம்) வச்சு ஒப்பிடலாம்னு சிலர் சொல்வாங்க. அதுவும் இதே பேருதான், அதனால அதுவும் ஏமாத்தும். ஸ்கிரீன் ஆப்ஷன்ஸ்ல மறைச்ச நெடுவரிசை மொழி மாத்தினதும் திரும்பி வர்றதுக்கும் காரணம் இதேதான்.

வாலாஜா ரோடு:

அண்ணா, எனக்கு இதே நோய், வேற உடம்பு. ராணிப்பேட்டையில ஒரு கம்பெனிக்கு முக்கிய பிளகின் ஒண்ணு, அதுக்கு ஆட்-ஆன் ஒண்ணு. ஆட்-ஆன் தன்னோட பக்கத்தை முக்கிய பிளகினோட மெனுவுக்குக் கீழ வைக்கணும். லோக்கல்ல நல்லா ஓடுச்சு, சர்வர்ல போட்டதும் மெனு தெரியுது, கிளிக் பண்ணா "இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை". அட்மினிஸ்ட்ரேட்டருக்கே அனுமதி இல்லையாம்!

பிளகின்கள் ஃபோல்டர் பேரோட அகரவரிசையில ஏறும். சர்வர்ல போடும்போது ஆட்-ஆன் ஃபோல்டருக்கு யாரோ "ஏ"ல ஆரம்பிக்கிற பேரு வச்சுட்டாங்க. அது முந்திக்கிச்சு. தாய் மெனு பதிவாகறதுக்கு முன்னாடியே பிள்ளை பதிவானதால அதுக்கு "அட்மின்_பேஜ்_"னு ஒரு பேரு விழுந்துடுச்சு. கிளிக் பண்ற நேரத்துல தாய் இருக்கு, வேர்ட்பிரஸ் தாய் தலைப்போட சேர்ந்த பேரைத் தேடுது, கிடைக்கல, கதவைச் சாத்துது. மெனுக்கள் பதிவாகுற அட்மின்_மெனு ஹூக்குக்கு பிரையாரிட்டி (எண் பெருசானா பின்னாடி ஓடும்) 99 குடுத்ததும் சரியாச்சு. இப்பல்லாம் அடுத்தவங்க மெனுவுக்குக் கீழ போறதுன்னா யோசிக்காம 99தான். பிரையாரிட்டி போதும்னு தெரியாம கேப்பபிலிட்டியை (பக்கத்தைத் திறக்க எந்த அனுமதி வேணும்ங்கிறதை) தளர்த்திப் பார்க்கிறவங்க இருக்காங்க, அது ஆபத்து.

ஆம்பூர் பஜார்:

கேப்பபிலிட்டின்னதும் ஞாபகம் வருது. இங்க ஒரு ஷூ கம்பெனி சைட்டுல சப்ளையர் விலைப் பக்கம் ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்த டெவலப்பர் "ரீட்"னு கேப்பபிலிட்டி குடுத்திருந்தார். "ரீட்" சப்ஸ்கிரைபருக்கும், அதாவது கடைசிப் படியில இருக்கிற சாதாரண யூசருக்கும், உண்டு. சைட்டுல கணக்கு திறந்த எந்தக் கஸ்டமரும் உள்ள வந்து தோல் விலையைப் பார்க்கலாம்ங்கிற நிலைமை. நான் பார்த்த அன்னைக்கே மூடினோம்.

அதை "எடிட்_பேஜஸ்" ஆக்கினோம், எக்ஸ்போர்ட் செக்‌ஷன்ல இருக்கிற மேடம் எடிட்டர் ரோல். பக்கம் திறக்குது, ஃபார்ம் தெரியுது, சேவ் பண்ணா மறுக்குது. ஏன்னா செட்டிங்ஸ் ஏபிஐ (அமைப்புகளைச் சேமிக்க வேர்ட்பிரஸ் தர்ற வழி) வழியா சேமிக்கிறப்போ ஆப்ஷன்ஸ் டாட் பிஎச்பி தனியா, எடிட்டருக்கு இல்லாத "மேனேஜ்_ஆப்ஷன்ஸ்" இருக்கான்னு பார்க்கும், நம்ம மெனுவுல என்ன குடுத்தோம்னு அதுக்குக் கவலை இல்ல. அதை மாத்த ஆப்ஷன்_பேஜ்_கேப்பபிலிட்டின்னு ஒரு ஃபில்டர் இருக்கு, கடைசியில நம்ம ஆப்ஷன் குரூப் பேரைச் சேர்த்து அதே "எடிட்_பேஜஸ்"ஐத் திருப்பி அனுப்பணும். மேடம் சேவ் ஆனதும், "இதுக்கா ரெண்டு நாளா?"ன்னு கேட்டாங்க. என்னத்தைச் சொல்றது.

குடியாத்தம்காரன்:

நம்மகிட்ட பெரிய கதை இல்ல. லுங்கிக் கடை சைட்டுக்கு மெனு போட்டா, தாய் மெனு பேரே முதல் சப்மெனுவாவும் மறுபடி வந்து நிக்கும். கடைக்காரர், "ஒரே பேரு எதுக்குப்பா ரெண்டு தடவை?"ன்னு கேட்பார். தாய் ஸ்லக்கையே முதல் சப்மெனுவுக்கும் குடுத்து, தலைப்பை மட்டும் "எல்லா ஆர்டரும்"னு மாத்துனா போதும்.

வரிசை மாத்த ஆட்_சப்மெனு_பேஜ்ல ஏழாவதா பொசிஷன்னு ஒரு பாராமீட்டர் இருக்கு. அது வேர்ட்பிரஸ் 5.3ல வந்தது, 2019 நவம்பர். நம்ம வேலூர் மாவட்டம் மூணாப் பிரிஞ்சதும் அதே மாசம்தான், அதனால எனக்கு மறக்காது. அதுக்கு முன்னாடி குளோபல் சப்மெனு அரேயில கை வச்சு கலைச்சுப் போட்டுக்கிட்டிருந்தோம்.

வாலாஜா ரோடு:

குடியாத்தம் அண்ணா, மெனுவுல தெரியாத பக்கம் வேணும்னா தாய் ஸ்லக்குக்கு என்ன குடுக்கிறீங்க? நான் நல் (null, எதுவுமில்லைங்கிற மதிப்பு) குடுத்துட்டிருந்தேன். பிஎச்பி 8.1க்கு மாறினதும் அட்மின் தலையில டெப்ரிகேட்டட்னு (இனிமே இப்படி எழுதாதேங்கிற எச்சரிக்கை) வரிசையா கொட்டுது.

காட்பாடி ஜங்ஷன்:

நல் எடுத்துட்டு காலி ஸ்ட்ரிங் குடுப்பா, நின்னுடும். அந்தப் பக்கத்தோட டைட்டில் காலியா வந்தா பக்கம் ஏறுறப்போ ஓடுற லோட் ஹூக்குல குளோபல் டைட்டிலை நீயே நிரப்பிடு. ஒண்ணு மட்டும் பார்த்துக்கோ: மெனுவுல தெரியலைன்னா யாரும் வரமாட்டாங்கன்னு நினைக்காத, யூஆர்எல் தெரிஞ்சவன் நேரா வருவான். கேப்பபிலிட்டியைச் சரியாக் குடு, ஃபார்ம் இருந்தா நான்ஸும் (கோரிக்கை நம்ம ஃபார்ம்ல இருந்துதான் வருதான்னு சரிபார்க்கிற குறி) போடு.